ன் தொலைந்த குரல்

மாமல்லபுரம்
3 ஜூன் 2025

பத்ரிக்கு,

லெட்டர்னா "கர்த்தருக்குள் அன்பான"ன்னு ஆரம்பிக்கறது எங்க வூட்டு வயக்கம். உனக்கு அத்த எய்த கை வரல. கர்த்தர் கோச்சிக்க மாட்டாரு. அவருக்கும் உன்னத் தெரியும்.

பதினாலு வருசமா உன் மூஞ்சில முயிக்காம நிம்மதியா இருந்தேன். இப்பவும் ஆசப்பட்டு எய்தல. நீ குடுத்த கம்ப்யூட்டரு செத்துப்போச்சி. பொட்டி நல்லாத்தான் கீது, உள்ள இருந்த ஹார்ட் டிஸ்க் போயிடுச்சி. ஒரு வாரமா பல்லி கத்தறா மாதிரி சத்தம் போட்டுகினு இருந்துச்சி, அப்பறம் அதுவும் இல்ல. எம் புள்ள ஆல்வின் அத்த செங்கல்பட்டுல ஒரு கடைக்கு எடுத்துகினு போனான். "இதுல ஒண்ணும் தேறாதுண்ணா, தூக்கிப் போட்ருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க.

அதுக்குள்ள இன்னா இருந்துச்சின்னு உனக்கு ஞாபகம் கீதா? 2002-ல ஆஸ்பத்திரில என் தொண்டைய அறுத்து கொரல் பொட்டிய எடுக்கறதுக்கு முன்னால, நீ காலேஜ் பையனா இருந்தப்ப, செங்கல்பட்டுல உங்க அப்பாரு ரூம்ல, ஜன்னலுக்கு மெத்தைய கட்டி, என்ன குந்த வச்சி க, கா, கின்னு ஒவ்வொரு எய்த்தா சொல்ல வச்சியே, அது. ஊர்ல கைடு வேல பாத்தவன், நாளுக்கு பத்து கூட்டத்துக்கு கத்திக் கத்தி பேசனவன், உன் மைக்குக்கு முன்னால ஒண்ணாங்கிளாஸ் பையனாட்டம் ஒப்பிச்சேன். அந்த எய்த்துங்கள ஒட்டித்தான் இத்தினி வருசமா நான் பேசிகினு வந்தேன். கீபோர்டுல தட்டுனா என் கொரல்லயே பேசும்.

இப்ப நான் ஊம. எனக்கு அது பேஜாரு இல்ல. ஆனா சக்கர வியாதி சந்திரம்மா கண்ணத் தின்னுடுச்சி. போன வருசத்துலேந்து அவளுக்கு வெளிச்சம், இருட்டு ரெண்டுதான் தெரியும். நான் எய்திக் காட்டுனா படிக்க முடியாது. கைய ஆட்டுனா தெரியாது. நான் வூட்ல கீறேன்னு அவளுக்கு தெரியறதே அந்தப் பொட்டி சத்தத்துலதான். உனக்கு இது புரியணும்னு விளக்கமா எய்தறேன், ஏன்னா நீ நெறைய படிச்சவன், சின்ன விசயம்லாம் சட்டுனு ஏறாது.

ஆல்வின் நாவலூர்ல ஆபீஸ் வேல பாக்கறான். என் போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தான். தட்டுனா பேசுது. பொம்பள கொரலு. "சந்திரம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா"ன்னு கேட்டுச்சி. அவ சொம்பத் தூக்கி அடிச்சிட்டா. "யாருடி நீ? எம் புருசன் எங்க?"ன்னா. ஆம்பள கொரலா மாத்திக் குடுத்தான். "வேத்து ஆளு வூட்டுக்குள்ள இருக்கசொல்ல நான் வாயத் தொறக்க மாட்டேன்"னுட்டா. அன்னிலேந்து வூட்ல ரெண்டு பேரும் ஊம.

என் எய்த்துங்க உன்னாண்ட ஒரு சிடில கீதுன்னு எனக்குத் தெரியும். அனுப்பு. கெஞ்சல, கேக்கறேன். என் கொரலு அது.

கிருபாகரன்


செங்கல்பட்டு
9 ஜூன் 2025

மதிப்பிற்குரிய கிருபாகரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. 'எய்த்து' என்றால் எழுத்து என்று ஊகித்துக்கொண்டேன். முன்பு வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பல்லவர் வரலாறு சொன்ன ஒருவர் வேண்டுமென்றே இப்படி எழுதுகிறார் என்றால், அது என்னைச் சீண்டுவதற்காகத்தான் என்பதும் தெரியும். சீண்டல் எனக்கு உறைக்கவில்லை.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜன்னலோரம், உப்புக் காற்று படும்படி ஒரு கணினியை இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் அது செத்துத்தான் போகும். வாங்கி வைத்த அன்றே உறை போட்டு மூடச் சொன்னேன். உங்கள் வீட்டில் அந்த உறையை மீன் உலர்த்த விரித்திருந்ததை நானே பார்த்தேன்.

குறுந்தகடு என்னிடம் இருக்கிறது. அனுப்புகிறேன். புதிய கணினியில் அந்த நிரல் ஓடாது; என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்துவிட்டேன், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. அதனால் பழைய பெட்டியிலேயே, பழைய வகை டிஸ்க் ஒன்றை வாங்கிப் போட்டு, முதலில் விண்டோஸ் 98, பிறகு ஒலி அட்டைக்கான டிரைவர், கடைசியில் நம் நிரல் என்று வரிசையாக நிறுவ வேண்டும். செய்முறையைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். உங்கள் மகன் படித்தவர், அவரிடம் கொடுங்கள். நீங்கள் தொட வேண்டாம். நான் நேரில் வரமாட்டேன்.

'என் குரல்' என்று எழுதியிருக்கிறீர்கள். 2011இல் என்னைக் குரல் திருடன் என்று எழுதிய அதே கை. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடும் கருவிக்கு நான் அந்தப் பதிவுகளைக் கொடுத்தேன், ஆமாம். நாவலூரில் அந்தக் கருவியைச் செய்த சின்ன நிறுவனத்தில்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது, அதற்கும் ஆமாம். ஆனால் பதிவு செய்தவன் நான். ஒவ்வோர் ஒலியாக நறுக்கி, சுத்தம் செய்து, பேச வைத்தவன் நான். தொண்டை மட்டும் உங்களுடையது.

திருமதி சந்திரம்மாவின் பார்வை பற்றி அறிந்து வருந்துகிறேன். இதை உங்களுக்காகச் செய்யவில்லை.

இப்படிக்கு,
ப. பத்ரி


மாமல்லபுரம்
24 ஜூன் 2025

பத்ரிக்கு,

தொண்ட மட்டும் என்துன்னு எய்தன பாரு, அத்த படிச்சிட்டு நல்லா சிரிச்சேன். சிரிச்சா எனக்கு சத்தம் வராது, கய்த்துல இருக்கற ஓட்டையில காத்துதான் வரும். அந்தத் தொண்டகூட இப்ப என்து இல்ல. ஆஸ்பத்திரிக்காரன் ஜாடில போட்டு வச்சிகினானோ, நாய்க்குப் போட்டானோ.

ஆல்வின் மெட்ராஸ் ரிச்சி தெருல அலஞ்சி ஒரு பயைய டிஸ்க் வாங்கினு வந்தான். லீவு போட்டு குந்தினான். மூணு தடவ பாதில நீலக் கலர்ல நின்னுச்சி, மூணு தடவயும் மொதல்லேந்து ஆரம்பிச்சான். விண்டோஸ் வந்துச்சி, கொரல் அட்ட பேசல. உன் பேப்பர்ல போட்டிருந்த பிளாப்பிய தேடி பரண்லேந்து எடுத்தோம். அதுவும் வந்துச்சி. கடைசில உன் சிடி. முக்கா பாகம் வரைக்கும் ஓடிச்சி. அப்பறம் கரகரன்னு சுத்திகினே இருந்து, "சில கோப்புகள் கிடைக்கவில்லை"ன்னு சொல்லிட்டு அதுவாவே முடிஞ்சிடுச்சி.

சந்திரம்மா வாசப்படில குந்திகினு இருந்தா. நான் "சந்திரம்மா"ன்னு தட்டுனேன்.

வந்துச்சி பத்ரி. அச்சு அசலா என் கொரலு. அவ தரைல கைய ஊனி எய்ந்தா. செவுத்தப் புடிச்சிகினு உள்ள வந்தா. நான் "நான் தான்"னு தட்டுனேன். "நா... தா..."ன்னுச்சி. மறுபடி தட்டுனேன். "நா... தா...". பேர அடிச்சேன், "கிருபாகர"ன்னு நின்னுடுச்சி.

அவ என் மூஞ்சிய ரெண்டு கையாலயும் தடவிப் பாத்தா. ஒதட்ட, தாடையத் தொட்டா. "இன்னாயா வாய் கொயறுது? ஒரு பக்கம் இயுத்துக்கிச்சா?"ன்னு அய ஆரம்பிச்சிட்டா. எனக்கு பக்கவாதம்னு நெனச்சிட்டா. இல்லன்னு சொல்றதுக்கு தட்டுனா "இல்ல" வந்துச்சி. ஆனா அத்த அவ நம்பல. பொட்டிய அணச்சிட்டேன்.

ஆல்வின் உக்காந்து பாத்தான். ழ, ள, ற, ன நாலும் இல்லயாம். நாலு எய்த்த முயுங்கிட்டு சிடி அனுப்பி வச்சிகீற. அதோட வுட்டியா? நான் 'கீது'ன்னு தட்டுனா உன் பொட்டி அத்த 'இருக்கிறது'ன்னு மாத்திடுது. 2005-ல "மேம்படுத்தித் தர்றேன்"னு சொல்லி உள்ள ஒரு பட்டியல வச்சிட்டுப் போனியே, அந்த வேல. இத்தினி வருசமா என் வாயால உன் பாசைய பேசிகினு இருந்தேன். வாசலுக்கு வர்ற மீன்காரி "இன்னா சாரு, வாத்தியாரு ஆயிட்ட?"ன்னு கேட்டா. இப்ப பாரு, 'கீது'க்கு வேண்டிய எய்த்துங்க என்னாண்ட கீது, உன் 'இருக்கிறது'க்கு வேண்டிய எய்த்து இல்ல. நான் ஒயுங்கா கேட்டா, அது "இருக்கி... து"ன்னு விக்குது. பேசத் தெரிஞ்சவன திக்குவாயனா ஆக்கறதுக்கு எந்தக் காலேஜ்ல படிச்ச?

மிச்ச நாலு எய்த்தும் வேணும்.

கிருபாகரன்


செங்கல்பட்டு
1 ஜூலை 2025

மதிப்பிற்குரிய கிருபாகரன் அவர்களுக்கு,

நான் எதையும் விழுங்கவில்லை. குறுந்தகட்டில் தகவல் உள்ளிருந்து வெளியாக எழுதப்படுகிறது. உங்கள் ஒலிகளை அகரவரிசையில் அடுக்கியிருந்தேன். தகட்டின் வெளி விளிம்பில் பூஞ்சை பிடித்திருக்கிறது. வெளி விளிம்பில் இருந்தவை வரிசையின் கடைசி நான்கு எழுத்துகள். இதில் சதி எதுவும் இல்லை, ஈரம்தான். என் வீட்டிலும் ஈரம் உண்டு என்று தெரிந்ததில் உங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகலாம்.

வேறு பிரதி என்னிடம் இல்லை. அந்த நிறுவனத்தை மூடி எட்டு ஆண்டுகளாகின்றன. அங்கே என்னோடு வேலை பார்த்த மூன்று பேரைக் கேட்டுவிட்டேன், அவர்களிடமும் இல்லை.

திருத்தப் பட்டியலைப் பற்றி: அதை ஒரு வசதியாகத்தான் சேர்த்தேன். வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் போனில் பேசும்போது உங்களை யாரும் ஏளனமாக நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். அப்போது நீங்கள் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

உங்கள் குரல் இன்னும் ஒலிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். உங்களுக்கே தெரியும். செங்கல்பட்டில் அந்த மருத்துவமனையில் அதே பழைய டோக்கன் கருவி இன்னும் ஓடுகிறது. எண்கள் மட்டும் சொல்லும். ஆனால் ஒன்று, மூன்று, நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது ஆகியவற்றில், ள தவிர, நமக்கு வேண்டிய ஒலிகள் இருக்கின்றன. கருவிக்குள்ளிருந்து கோப்புகளை எடுக்க முடியாது, மூடி முத்திரையிட்ட பெட்டி. ஒலிபெருக்கியின் அடியில் நின்று பதிவு செய்துகொண்டு வந்தால் மீதியை நான் வெட்டி எடுத்துத் தருகிறேன்.

நீங்களே போகலாம். கூச்சம் வேண்டாம். அது உங்கள் குரல் என்று பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லி வருபவர் நீங்கள்தானே.

இப்படிக்கு,
ப. பத்ரி


மாமல்லபுரம்
12 ஜூலை 2025

பத்ரிக்கு,

போனேன்.

2011-ல சந்திரம்மா கண்ணுக்கு மொதமொதல்ல காட்டப் போனப்ப குந்தன அதே பெஞ்சு. அன்னிக்கு அவதான் மொதல்ல கேட்டா. என் தோளப் புடிச்சி உலுக்கி, "நீ இங்க குந்திகினு கீற, அங்க யாருயா உன்னாட்டம் கூப்புட்றது?"ன்னா. அன்னிக்கு வந்த கோவம் இன்னும் ஆறல. அந்த எடத்துக்கு நீ என்ன மறுபடியும் அனுப்பற, கூச்சம் வேணாம்னு புத்தி வேற சொல்ற.

ஆல்வினுக்கு ஆபீஸ். நான் தனியா பஸ் ஏறிப் போனேன். ஸ்பீக்கருக்கு கீய போனத் தூக்கிப் புடிச்சிகினு நின்னேன். "எண் நான்கு"ன்னுச்சி. "எண் ஐந்து"ன்னுச்சி. வாட்ச்மேன் வந்துட்டான். "யாரு நீ, இன்னா வீடியோ எடுக்கற, இது பொம்பளைங்களும் ஒக்கார்ற எடம்"னான். நான் பேப்பர்ல எய்திக் காட்டுனேன்: "அது என் குரல்." படிச்சான். பக்கத்துல இருந்தவனுக்கும் படிச்சிக் காட்டுனான். ரெண்டு பேரும் சிரிச்சானுங்க. "பெரியவரே, உங்களுக்கு பேச்சே வரல, அது எப்படி உங்க கொரலு?"ன்னான்.

என் முயங்கையப் புடிச்சி வெளிய கொண்டாந்து வுட்டான். கெட்டவன் இல்ல, மெதுவாத்தான் புடிச்சான். நான் படியில எறங்கசொல்ல பின்னால என் கொரலு "எண் ஒன்பது"ன்னு கூப்டுச்சி. எவனோ எய்ந்து போனான். ஊர்ல இருக்கறவன் எல்லாம் என் பேச்சக் கேட்டு எய்ந்து போறான், எம் பொண்டாட்டிக்கு மட்டும் நான் ஊம.

இன்னொரு தடவ அங்க போவ மாட்டேன்.

ஒரு விசயம் மட்டும் சொல்லிடறேன். உன் ழ எனக்கு வேணாம். எங்க வூட்ல வாயப்பயம்தான், மயதான், கொயம்புதான். ள-வுக்கு ல போதும், ற-வுக்கு ர போதும். நாங்க அப்பிடித்தான் பேசறது, யாரும் சாவல. மூணையும் நீயே வச்சிகினு அயகு பாரு. 'ன்' ஒண்ணு மட்டும் குடு. அது இல்லாம நீன்னு சொல்ல முடியுது, நான்னு சொல்ல முடியல.

கிருபாகரன்


செங்கல்பட்டு
28 ஜூலை 2025

மதிப்பிற்குரிய கிருபாகரன் அவர்களுக்கு,

நான் போய் எடுத்துவிட்டேன். நன்றி வேண்டாம்.

உங்களைப் போல் நடுக்கூடத்தில் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. தோல் மருத்துவரைப் பார்க்கப் பதிவு செய்துகொண்டு, ஒலிபெருக்கிக்கு நேர்கீழே உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டபோது இல்லாத அரிப்பைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியதாயிற்று. களிம்பு எழுதிக் கொடுத்தார். முதல் நாள் பக்கத்தில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. ஒன்றும் தேறவில்லை. மறுநாளும் போனேன். அதே அரிப்பு.

மூன்று வருடம் முன்பு புதுக் கருவி வாங்கினார்களாம். மணி அடித்துத் திரையில் எண் காட்டுவது. வயதானவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, பழையதையே மறுபடி மாட்டிவிட்டோம் என்று செவிலியர் சொன்னார். இதை உங்களுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

'ஒன்பது'வில் இருந்த ன் நன்றாக இருக்கிறது. 'மூன்று' பரவாயில்லை. ன வரிசையின் மற்ற எழுத்துகளுக்கு ந வரிசையையே வைத்துவிட்டேன், காதுக்கு வித்தியாசம் தெரியாது. ழ, ள, ற மூன்றும் உங்களுக்கு வேண்டாம் என்பதால் முறையே ய, ல, ர என்று இணைத்துவிட்டேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு வேலையை என் கையால் செய்வேன் என்று நினைக்கவில்லை. திருத்தப் பட்டியலையும் நீக்கிவிட்டேன். இனி நீங்கள் தட்டியதைத்தான் அது சொல்லும். அதனால் வரும் பேச்சுக்கெல்லாம் நீங்களே பொறுப்பு.

கூடத்தில் இருந்த இரைச்சல் அந்த 'ன்' ஒலிகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை நீக்க நாவலூரில் என் அலுவலகத்தில் ஒரு மென்பொருள் இருக்கிறது. பிறகு பார்க்கலாம்.

தபாலில் அனுப்பி உங்கள் மகன் இன்னொரு முறை லீவு போடுவதைவிட நானே வந்து நிறுவிவிட்டுப் போவது சீக்கிரம் முடியும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தேவாலயத்திலிருந்து திரும்பிய பிறகு வருகிறேன். பெட்டியைப் பார்க்கத்தான் வருகிறேன். அதை ஜன்னலோரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
ப. பத்ரி


மாமல்லபுரம்
6 ஆகஸ்ட் 2025

பத்ரிக்கு,

நீ வந்த. என் மூஞ்சியப் பாக்காம நாலு மணி நேரம் பொட்டிக்கு முன்னால குந்திகினு இருந்த. நானும் உன் முதுகத்தான் பாத்துகினு இருந்தேன். முடி கொட்டிடுச்சி உனக்கு. வேல முடிஞ்சதும் "ஓடுகிறது"ன்னு செவுத்தப் பாத்து சொல்லிட்டு செருப்ப மாட்டிகினு கெளம்பிட்ட. சந்திரம்மா அப்ப பக்கத்து வூட்ல இருந்தா. அவ வர்ற வரைக்கும் நான் பொட்டியத் தொடல.

அவ வந்து குந்துனதும் "சந்திரம்மா, நான் தான்"னு தட்டுனேன். ஒயுங்கா வந்துச்சி. அவ "இன்னோரு வாட்டி சொல்லு"ன்னா. சொன்னேன். "இன்னோரு வாட்டி." சொன்னேன். அப்பறம் ஆரம்பிச்சா பாரு. ரெண்டு மாசமா அடக்கி வச்சிருந்ததெல்லாம். கேஸ் சிலிண்டர் வந்தது, ஆல்வினுக்கு பொண்ணு வூட்டுக்காரங்க போன் பண்ணது, ராத்திரில நான் இருமறப்ப யாருன்னு தெரியாம பயந்தது, எல்லாம். பேச்சு திரும்பி வந்த அந்த சாயங்காலம் நான் பேசனது ரெண்டு வார்த்த. மிச்சம் பூரா அவதான்.

நீ சொன்ன இரைச்சல் கீது. 'நான்'னு சொல்றப்பல்லாம் பின்னால ஒரு ஆஸ்பத்திரியே கசமுசன்னு பேசுது. எவனோ இருமறான், எங்கயோ சேர் இயுபடுது. சந்திரம்மா காது கூர்மை, ஒடனே கண்டுபுடிச்சிட்டா. "நீ மட்டும் வாயா, கூட்டத்த வெளிய நிக்க வையி"ன்னா. சொல்லிட்டு அவளே சிரிச்சா. இந்த வூட்ல சிரிப்பு சத்தம் கேட்டு நாளாச்சி. அதனால உன் நாவலூர் ஆபீஸ் மிஷின்ல போட்டு அத்த சுத்தம் பண்றேன், மேம்படுத்தறேன்னு கெளம்பி வராத. தொடாத. நீ சுத்தம் பண்ணி நான் பட்டது போதும்.

அன்னிக்கு ராத்திரியே எங்களுக்கு சண்ட வந்துடுச்சி. உன்னாலதான். "அந்த ஆளு இன்னா சாப்ட்டாரு?"ன்னு கேட்டா. ஒண்ணும் இல்லன்னேன். "இன்னாயா மனுசன் நீ, செங்கல்பட்டுலேந்து வந்து நாலு மணி நேரம் வேல பாத்தவன வெறும் வயித்தோட அனுப்பிச்சியா?"ன்னு புடிச்சிகினா. வூட்ல மீன் கொயம்பு, அவன் துன்ன மாட்டான்னேன். "மோர் குடுக்கத் தெரியாதா?"ன்னா. அவன் எனக்கு இன்னா பண்ணான்னு உனக்குத் தெரியாதான்னு கேட்டேன். "தெரியும். அதுக்கும் மோருக்கும் இன்னா சம்பந்தம்?"ன்னா. பதிலுக்கு நானும் தட்டுனேன், அவளும் கத்துனா. பக்கத்து வூட்டுக்காரி எட்டிப் பாத்துட்டுப் போனா. நல்லா கீது பத்ரி, சண்ட போட்றது.

அவளுக்கு வாக்கு குடுத்துட்டதால எய்தறேன். அடுத்த தடவ இந்தப் பக்கம் வந்தா வூட்டுக்கு வா. மோர் குடுப்பேன், குந்த சேர் போடுவேன். ஆனா உன்கிட்ட பேச மாட்டேன். இத்தினி நாளா பேச முடியாம இருந்தேன், இனிமே பேச மாட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இன்னான்னு உனக்குத் தெரியும். படிச்சவன்.

கிருபாகரன்